ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீர் எங்கே போகிறது? வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழி

அகரம், தாடிக்கொம்பு வட்டாரத்தில் விடியும் முன்பே வண்டிகள் கிளம்பிவிடுகின்றன. பூ மூட்டைகள் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கும், காய்கறிகள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கும் போகின்றன. ஏற்றிச் செல்வது பெரும்பாலும் 'குட்டி யானை' என்று எல்லோரும் சொல்லும் சிறு சரக்கு வண்டி, பழைய ஆம்னி, அல்லது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். இப்படிப்பட்ட வண்டிகள் பலவற்றின் சீட்டுக்குப் பின்னால் தண்ணீர் நிரப்பிய ஐந்து லிட்டர் கேன் ஒன்று எப்போதும் இருக்கும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் ஊற்றுவதற்காக வைத்திருப்பது அது.

"தினமும் கொஞ்சம் தண்ணீர் கேட்கும், ஊற்றினால் ஓடும்" என்று இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் ரேடியேட்டர் மூடிய அமைப்பு. நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு மாதக் கணக்கில் ஒரு சொட்டுகூட ஊற்ற வேண்டியதில்லை. தினமும் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஒரு வழியாக அது வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. அந்த வழியைக் கண்டுபிடித்து அடைத்தால் பெரும்பாலும் சிறு செலவோடு முடியும். ஒரு ரேடியேட்டர் மூடியோ, ஒரு ரப்பர் ஹோஸோ சில நூறு ரூபாய்தான். கண்டுபிடிக்காமல் விட்டால் ஒரு நாள் பாதி வழியில் இன்ஜின் சூடேறி, சிலிண்டர் ஹெட் வளைந்து, லேத் பட்டறைக்குப் போய், பல ஆயிரங்களைத் தின்றுவிடும். அன்றைக்கு ஏற்றியிருந்த பூ வாடிப்போவது தனி நஷ்டம். மார்க்கெட் கலைந்த பிறகு போய்ச் சேரும் பூவுக்கு விலை இல்லை. இரவில் ஆஸ்பத்திரிக்குப் போகவும் வீட்டில் அதே வண்டிதான் என்றால் நஷ்டத்தைப் பணத்தால் மட்டும் கணக்கிட முடியாது.

கூலன்ட் குறைவதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச் லைட், ஒரு பழைய அட்டைப்பெட்டி, ஒரு மார்க்கர் பேனா, ஒரு நோட்டு இருந்தால் போதும். பொறுமையும் வேண்டும்.

ஐஸ் பிடிக்காத ஊருக்குக் கூலன்ட் எதற்கு?

கூலன்ட் என்பது பனி உறையும் நாடுகளுக்கானது, நம்மூர் வெயிலுக்குத் தண்ணீரே போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. குளிர் நாடுகளில் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து இன்ஜின் வெடிக்காமல் இருக்கத்தான் முதலில் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம் கலக்கப்பட்டது. அது உண்மை. ஆனால் இன்றைய கூலன்ட்டுக்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. இரண்டும் நம் ஊருக்கு முக்கியமானவை.

முதலாவது, கொதிநிலையை உயர்த்துவது. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் திறந்த பாத்திரத்திலேயே சுமார் 107 டிகிரி வரை தாங்கும். இரண்டாவது, துருப்பிடிக்காமல் காப்பது. இன்ஜின் பிளாக் இரும்பு, ஹெட்டும் ரேடியேட்டரும் பெரும்பாலும் அலுமினியம். இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்புத் தண்ணீர் ஓடினால் அரிப்பு வேகமாக நடக்கும். கூலன்ட்டில் உள்ள தடுப்பு மருந்துகள் அதைத் தடுக்கின்றன. வாட்டர் பம்பின் சீலும் அதனால் நீடித்து உழைக்கும்.

ரேடியேட்டர் மூடியின் வேலையும் இதோடு சேர்ந்ததுதான். அது பிரஷர் குக்கர் மூடி மாதிரி. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எண் பொறித்திருப்பதைப் பார்க்கலாம். எவ்வளவு அழுத்தம் வரை அது பிடிக்கும் என்பதைக் காட்டும் எண் அது. 0.9 மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூடச் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் கெட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும்.

மலை ஏறும்போது இது இன்னும் கடுமையாகத் தெரியும். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜின் வழக்கமாக வேலை செய்யும் வெப்பமே 80 முதல் 90 டிகிரிக்கு மேல். சமவெளியில் சமாளித்துக்கொண்டிருந்த வண்டி சிறுமலையின் கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொடைக்கானல் மலைச்சாலையிலோ பொங்குவதற்குப் பல சமயம் ஒரு பழைய மூடியே காரணமாக இருக்கும்.

போர் தண்ணீர் செய்யும் வேலை

சொட்டு நீர்ப் பாசனம் போட்டவர்களுக்குப் போர் தண்ணீரின் குணம் தெரியும். லேட்டரல் குழாயின் துளைகளில் வெள்ளையாக உப்பு கட்டி, ஆசிட் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். திண்டுக்கல்லைச் சுற்றிப் பல கிராமங்களில் நிலத்தடி நீர் கடினமானது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு இறங்கிய பகுதிகளில் கிணற்று நீரின் உப்பு இன்னும் கூடுதல். அதே தண்ணீர்தான் ரேடியேட்டருக்குள்ளும் போகிறது. அங்கே அது 90 டிகிரியில் கொதிநிலைக்கு அருகில் சுற்றுவதால் சுண்ணாம்பு இன்னும் சுலபமாகப் படியும்.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500. இதன்படி, வேறு ஆதாரம் இல்லாதபோது அனுமதிக்கப்படும் கடினத்தன்மையின் உச்ச வரம்பு லிட்டருக்கு 600 மில்லிகிராம். அந்த அளவுள்ள தண்ணீரைத் தினமும் ஒரு லிட்டர் வீதம் ஓர் ஆண்டு ஊற்றினால் உள்ளே போகும் சுண்ணாம்பு சுமார் 220 கிராம். ஒழுகிப் போகும் தண்ணீர் தன் பங்கு உப்பை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகிப் போகும் தண்ணீரோ உப்பை உள்ளேயே விட்டுவிட்டுப் போகும். ரேடியேட்டரின் குறுகலான குழாய்களில் மெல்லிய படிவம் ஏறினாலே வெப்பம் வெளியேறுவது குறையும். வண்டி மேலும் சூடாகும், மேலும் தண்ணீர் கேட்கும்.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாது. உதாரணத்துக்கு, 6 லிட்டர் பிடிக்கும் வண்டியில் பாதி கூலன்ட், பாதி தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் ஒழுகியதும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றப்படுகிறது. இப்படி நான்கு முறை செய்தாலே 50 சதவீதமாக இருந்த கூலன்ட் 24 சதவீதமாக இறங்கிவிடும். நிறம் மட்டும் இன்னும் பச்சையாகத் தெரியும். அதைப் பார்த்துக் கூலன்ட் இருக்கிறது என்று நம்பினால் ஏமாற்றம்தான்.

தொடங்கும் முன் பாதுகாப்பு

சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அழுத்தம் விட்ட நொடியில் 100 டிகிரிக்கு மேல் சூடான திரவம் முகத்திலும் மார்பிலும் பீறிடும். ஈரத் துணி போட்டுத் திறப்பதும் பாதுகாப்பல்ல. இன்ஜினை நிறுத்திக் குறைந்தது ஒரு மணி நேரம் ஆன பிறகு, மேல் ஹோஸைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடில்லாமலும், அழுத்தினால் மெத்தென்றும் இருந்தால் மட்டும் மூடியைத் தொடலாம். எல்லாச் சோதனைக்கும் சரியான நேரம் விடிகாலை, வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்.

எலக்ட்ரிக் ஃபேன் உள்ள கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். அதன் அருகில் கை, துண்டு, சேலை முந்தானை போகக் கூடாது. ஜாக்கி மட்டும் போட்டுத் தூக்கிய வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது.

கூலன்ட் விஷம். அது இனிப்பாக இருப்பதால் நாயும் கன்றுக்குட்டியும் விரும்பி நக்கும், சிறு குழந்தையும் குடித்துவிடும். உடலுக்குள் போனதும் எத்திலீன் கிளைக்கால் ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. தண்ணீர் கலக்காத எத்திலீன் கிளைக்கால் ஒரு பெரிய ஆளுக்கே சுமார் 100 மில்லி போதும், உயிர் போய்விடும். ஒழுகுவது கூலன்ட்டா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பதும் கூடாது. யாராவது குடித்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாடு, நாய் என்றால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவர்.

ஏழு சோதனைகள்

1. அளவு குறித்தல். வண்டி குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டரையும், பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் ரிசர்வ் டப்பாவையும் சரியான அளவுக்கு நிரப்ப வேண்டும். டப்பாவில் குறைந்த அளவு, அதிக அளவு என்று இரண்டு கோடுகள் இருக்கும். திரவம் நிற்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தேதியையும் கிலோமீட்டரையும் நோட்டில் எழுத வேண்டும். ஒரு வாரம் தினமும் காலையில், குளிர்ந்த நிலையில் மட்டும் பார்க்க வேண்டும். சூடானபோது அளவு ஏறித்தான் இருக்கும். எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறது, நின்றிருந்த நாளிலும் குறைகிறதா, ஓடிய நாளில் மட்டும் குறைகிறதா என்பது இதில் தெரிந்துவிடும். நின்றபோதும் குறைந்தால் வெளி ஒழுகல் என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். ஓடும்போது மட்டும் குறைந்தால் அழுத்தத்தில் மட்டும் திறக்கும் சிறு ஓட்டை, மூடி, அல்லது ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் வைக்கலாம்.

2. அட்டைச் சோதனை. இரவில் வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் பிரித்த அட்டைப்பெட்டியை விரிக்க வேண்டும். எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று அட்டையில் எழுதிக்கொள்வது நல்லது. காலையில் கறை இருந்தால் அதற்கு நேர் மேலே தேட வேண்டும். குட்டி யானை, ஆம்னி போன்றவற்றில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பதாலும், ரேடியேட்டருக்குப் போகும் குழாய்கள் வண்டிக்கு அடியில் ஓடுவதாலும், அட்டையைக் கொஞ்சம் நீளமாகவே விரிக்க வேண்டும்.

கறை எல்லாம் கூலன்ட் அல்ல. ஏசி போட்டு ஓட்டிய காரில் இடது பக்கம் சொட்டும் நிறமில்லாத, மணமில்லாத தண்ணீர் இயல்பானது. கூலன்ட் பச்சை, சிவப்பு, நீலம் என நிறத்தோடு இருக்கும். விரலில் தொட்டால் வழவழக்கும், லேசான இனிப்பு வாசம் அடிக்கும். தொட்ட பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். இன்ஜின் ஆயில் கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும்.

3. கண்ணால் பார்த்தல். டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும். கூலன்ட் ஒழுகிக் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ, பச்சை, இளஞ்சிவப்பாகவோ பொருக்கு படிந்திருக்கும். உப்புத் தண்ணீர் கசியும் குழாய் மூட்டில் பார்ப்பது போலத்தான். முதலில் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், அவற்றின் கிளாம்புகள். ஹோஸை விரலால் அழுத்தினால் வெடிப்பு தெரிந்தாலோ, கொழகொழவென்று உப்பியிருந்தாலோ மாற்றிவிட வேண்டும். அடுத்து ரேடியேட்டர். அலுமினியப் பகுதியும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் விளிம்பில்தான் பல ரேடியேட்டர்கள் ஒழுகத் தொடங்கும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. சீல் கெட்டால் அதன் வழியாகச் சொட்டும். துளையை அடைத்துவிடுவது தீர்வல்ல, பம்பைத்தான் மாற்ற வேண்டும். ஹீட்டர் உள்ள காரில் முன் சீட்டுக் கால்மிதி ஈரமாகி, உள்ளே இனிப்பு வாசம் வந்து, முன் கண்ணாடியில் எண்ணெய்ப் பசை போல ஆவி படிந்தால் ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகுகிறது.

4. மூடிச் சோதனை. குளிர்ந்த நிலையில் மூடியைக் கழற்றி, அடிப்புற ரப்பரைப் பார்க்க வேண்டும். வெடித்தோ, கெட்டியாகியோ, பள்ளம் விழுந்தோ இருந்தால் மூடியை மாற்ற வேண்டும். நடுவில் உள்ள சிறு வால்வை நகத்தால் இழுத்துவிட்டால் தானாகத் திரும்பி உட்கார வேண்டும். வண்டி குளிரும்போது இந்த வால்வு வழியாகத்தான் ரிசர்வ் டப்பாவிலிருந்து கூலன்ட் திரும்பி உள்ளே வரும். அது வேலை செய்யாவிட்டால் இரண்டு அறிகுறிகள் தெரியும்: டப்பா நிரம்பி வழியும், ஆனால் ரேடியேட்டர் காலியாக இருக்கும். குளிர்ந்த பிறகு மேல் ஹோஸ் உறிஞ்சியது போலச் சப்பிப்போயிருக்கும். டப்பாவை மட்டும் பார்த்து எல்லாம் சரி என்று கிளம்புபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். புது மூடி வாங்கும்போது பழையதில் உள்ள அதே எண் உள்ளதையே வாங்க வேண்டும். சில கார்களில் ரேடியேட்டரில் மூடி இருக்காது, டப்பாவின் திருகு மூடியே அழுத்தத்தைப் பிடிக்கும். அதற்கும் இதே சோதனைதான்.

5. ஆயில் ஸ்டிக். இன்ஜின் ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த காபி போல இருந்தாலோ, அளவு திடீரென்று ஏறியிருந்தாலோ கூலன்ட் ஆயிலோடு கலந்துவிட்டது. அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆயில் மசகுத் தன்மை இழந்துவிட்டதால் பத்து கிலோமீட்டர் ஓட்டினாலும் பேரிங் தேய்ந்து இன்ஜின் சீஸ் ஆகலாம். ரேடியேட்டர் கூலன்ட்டின் மேல் எண்ணெய் மிதந்தாலும் இதே எச்சரிக்கைதான்.

6. குமிழியும் புகையும். ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள தகடு. அது விட்டுப்போனால் வெளியே ஒரு சொட்டும் விழாமலே கூலன்ட் காணாமல் போகும். சிலிண்டருக்குள் போய் எரிந்து சைலன்சர் வழியாக ஆவியாக வெளியேறும். இதைக் கண்டுபிடிக்க, முழுவதும் குளிர்ந்த வண்டியில் ரேடியேட்டரை நிரப்பி, மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, தள்ளி நின்று இரண்டு மூன்று நிமிடம் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஒன்றிரண்டு காற்றுக் குமிழிகள் வருவது இயல்பு. விடாமல் குமிழி வந்து, ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்னும் கூடினால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் வருகிறது. சூடு ஏறுவதற்குள் இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். மூடியோடு ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல இறுகுவதும் இதே கோளாறின் அடையாளம். மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை வந்து அடங்குவது சாதாரணம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் இனிப்பு வாசத்தோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் அது கூலன்ட்.

7. காற்றும் ஃபேனும். ஒழுகலே இல்லாமல், சூடேறிப் பொங்கி வழிவதாலும் கூலன்ட் குறையும். நெடுஞ்சாலையில் சரியாக ஓடி, முத்தாலம்மன் திருவிழாக் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது மட்டும் சூடேறினால் ஃபேன் மேல் சந்தேகம் வர வேண்டும். பெல்ட்டில் சுற்றும் ஃபேன் என்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று இன்ஜினை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். எலக்ட்ரிக் ஃபேன் என்றால் ஃபியூஸ், ரிலே, சென்சார் ஆகியவற்றில் ஒன்று. ரேடியேட்டரின் முன் பக்கம் மக்காச்சோளச் சோகை, வைக்கோல் தூசி, பூச்சிகள் அடைத்திருந்தாலும் காற்று போகாது. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். பிரஷர் வாட்டரைக் கிட்டத்தில் பிடித்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

வழியில் சூடேறினால்

டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை நிறுத்தி, வண்டியை ஓரம்கட்ட வேண்டும். சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ இன்ஜினை உடனே நிறுத்த வேண்டும். 'இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டுவதில்தான் ஹெட் வளைகிறது. முள் இறங்கிவிட்டதால் ஆபத்து நீங்கியது என்றும் நம்ப முடியாது. கூலன்ட் முழுவதும் போய்விட்டால் சென்சார் காற்றில் நிற்கும், அப்போது மீட்டர் குறைவாகவே காட்டும்.

கொதிக்கும் இன்ஜின் மேல் வாளித் தண்ணீரைக் கொட்டக் கூடாது. சூட்டில் விரிந்த உலோகம் திடீரென்று சுருங்கி வெடிக்கும். ஒரு மணி நேரம் காத்திருந்து, மூடியைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் மார்க்கெட்டுக்குப் போகும் பூவை வேறு வண்டியில் மாற்றி அனுப்புவதே லாபம்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

"தண்ணீர் குடிக்குது" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக்கும் ஊகத்தில்தான் தொடங்குவார். ஊகத்தில் முதலில் ரேடியேட்டர், பிறகு பம்ப், பிறகு தெர்மோஸ்டாட் என்று ஒவ்வொன்றாக மாற்றினால் செலவு ஏறும், கோளாறு அப்படியே இருக்கும். எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறது, நிற்கும்போதா ஓடும்போதா, கறை எந்த இடத்தில் விழுந்தது, ஆயில் எப்படி இருக்கிறது, குமிழி வந்ததா என்று நோட்டைக் காட்டினால் வேலை சுருங்கும்.

இரண்டு சோதனைகளைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். ஒன்று, கைப்பம்பால் ரேடியேட்டருக்குள் மூடியில் குறித்துள்ள அளவு அழுத்தம் கொடுத்து, அது இறங்குகிறதா என்று பார்ப்பது. குளிர்ந்த இன்ஜினிலேயே ஒழுகும் இடம் தெரிந்துவிடும். இன்னொன்று, ரேடியேட்டர் வாயில் நீல நிறத் திரவம் உள்ள குழாயை வைத்துப் பார்ப்பது. சிலிண்டர் புகை கலந்திருந்தால் திரவத்தின் நிறம் மாறும். ஹெட்டை இறக்குவதற்கு முன் இந்தச் சோதனை செய்வது வீண் செலவைத் தவிர்க்கும். ஹெட் இறக்கியே ஆக வேண்டும் என்றால், புது கேஸ்கெட் போடும் முன் லேத்தில் ஹெட்டின் மட்டம் பார்க்கப்பட்டதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வளைந்த ஹெட்டில் புது கேஸ்கெட் நிற்காது.

கோளாறு சரியான பிறகு பழைய தண்ணீர் முழுவதையும் இறக்கிவிட்டுப் புதுக் கூலன்ட் ஊற்ற வேண்டும். இறக்கிய பழைய கூலன்ட்டை வாய்க்காலிலோ கிணற்று மேட்டிலோ தொழுவத்துப் பக்கமோ கொட்டாமல், மூடிய கேனில் பிடித்துப் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: டிஸ்டில்டு வாட்டர் கிடைக்காத இடத்தில் என்ன ஊற்றுவது?

பதில்: அவசரத்துக்கு ஆர்.ஓ. தண்ணீர், அல்லது சுத்தமாகப் பிடித்து வடிகட்டிய மழைத் தண்ணீர் நல்லது. அதுவும் இல்லாமல் வழியில் போர் தண்ணீர்தான் கிடைத்தால் அதை ஊற்றி ஊர் வந்து சேரலாம். பிறகு முழுவதையும் இறக்கி மாற்றிவிட வேண்டும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்குங்கள். பேட்டரி ஆசிட்டை மாற்றிக் கொடுத்துவிடாமல் லேபிளைப் பாருங்கள். கேனில் 'கலந்து ரெடியாக உள்ளது' என்ற வகைக் கூலன்ட் வாங்கினால் தண்ணீர் கலக்கவே தேவையில்லை.

கேள்வி: ரேடியேட்டர் ஓட்டைக்கு மஞ்சள் தூள் போடலாமா?

பதில்: பழைய லாரி ஓட்டுநர்கள் செய்து வந்தது இது. ஊசி முனை அளவு ஓட்டையை அது தற்காலிகமாக அடைக்கலாம். நடுவழியில் வேறு வழியே இல்லை என்றால் ஊர் சேரும் வரைக்கும் உதவலாம். ஆனால் ஓட்டையை அடைக்கும் தூள் ரேடியேட்டரின் குறுகிய குழாய்களையும் ஹீட்டரையும் அடைக்கும். கடைகளில் விற்கும் ஒழுகல் அடைக்கும் பொடிகளுக்கும் இதே குறை உண்டு.

கேள்வி: பச்சைக் கூலன்ட் உள்ள வண்டியில் சிவப்பை ஊற்றலாமா?

பதில்: நிறம் கம்பெனி சேர்க்கும் சாயம் மட்டுமே. ஒரே நிறத்தில் வேறு வேறு வகைகள் உண்டு. வகை மாறிக் கலந்தால் தடுப்பு மருந்துகள் ஒன்றோடொன்று சேராமல் கூழாகத் திரளலாம். வண்டியின் கையேட்டில் சொன்ன வகையையே வாங்குங்கள். எது உள்ளே இருக்கிறது என்று தெரியாவிட்டால் முழுவதையும் இறக்கி, நன்றாக அலசிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது என்பதும் வகையைப் பொறுத்தது. சாதாரண வகைக்கு இரண்டு ஆண்டு என்பது பொதுவான அளவு.

கேள்வி: சூடு குறைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம் என்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. இன்ஜின் சீக்கிரம் சூடாகிச் சரியான வெப்பத்தில் நிற்க உதவுவது அதுதான். கழற்றினால் இன்ஜின் குளிர்ந்தே ஓடி டீசல் அதிகம் செலவாகும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் ஒரு பகுதி தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, சூடு இன்னும் கூடும். கெட்டுப்போனால் அதே வகையில் புதியது போடுங்கள்.

கேள்வி: டிராக்டருக்கும் இதே முறைதானா?

பதில்: தண்ணீரால் குளிரும் இன்ஜின் உள்ள டிராக்டருக்கு இதே சோதனைகள் பொருந்தும். ரோட்டவேட்டர் ஓட்டும்போதும், கதிரடிக்கும் இயந்திரத்தோடு ஓரிடத்தில் நிறுத்தி ஓட்டும்போதும் தூசி அதிகமாக அடைக்கும். அந்த நாட்களில் தினமும் மாலையில் ரேடியேட்டர் வலையைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: பழைய கார் வாங்கப் போகிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: விடிகாலையில் போங்கள். வண்டியை முன்கூட்டி ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே துருத் தண்ணீரும் சுண்ணாம்பும் இருந்தால் அந்த வண்டி வெறும் போர் தண்ணீரில் ஓடியிருக்கிறது. ஆயில் ஸ்டிக், குமிழிச் சோதனை இரண்டையும் செய்யுங்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டி, ஐந்து நிமிடம் ஓடும் நிலையிலேயே நிறுத்தி வைத்து, முள் நடுவில் நிற்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். டிக்கியில் தண்ணீர் கேன் இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள்.